குளிர்காலத்தில் மீன்தொட்டி இரவில் குளிர்ந்துவிடுகிறது: பெரிய ஹீட்டர்தான் வழியா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மீன் வளர்க்கத் தொடங்கி ஒன்பது மாதங்களே ஆகின்றன. தொட்டியோடு நான் கழிக்கும் முதல் குளிர்காலம் இது. என்னுடையது 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி. மேல்மூடி கிடையாது. சரளைக்கல்லும் செடிகளும் போக ஏறத்தாழ 55 லிட்டர் நீர் நிற்கிறது. எட்டு நியான் டெட்ராக்கள், ஐந்து கோரிடோராஸ், சில கப்பிகள் அதில் இருக்கின்றன.

50 வாட் ஹீட்டர் ஒன்றை 25 டிகிரியில் வைத்திருக்கிறேன். கோடையிலும் மழைக்காலத்திலும் அது போதுமானதாக இருந்தது. இப்போது இரவில் அறையின் வெப்பநிலை 13 டிகிரி வரை இறங்கிவிடுவதால், காலையில் தொட்டி நீர் 20.5 டிகிரியில் நிற்கிறது. மாலைக்குள் 24.5 வரை மெல்ல ஏறி, மறுநாள் காலையில் மீண்டும் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்து நான் பார்த்தே பல நாட்கள் ஆகிவிட்டன. காலை வேளைகளில் மீன்கள் அடிப்பகுதியில் ஒடுங்கிக் கிடக்கின்றன. போடும் தீனியில் பாதி அப்படியே மிஞ்சுகிறது. நேற்று இரண்டு டெட்ராக்களின் துடுப்புகளில் உப்புத்தூள் ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டேன்.

மீன் கடையில் கேட்டதற்கு, 200 வாட் ஹீட்டர் வாங்கிப் போட்டால் கவலையே இல்லை என்றார்கள். அது சரியான யோசனைதானா? தொட்டியைச் சுற்றித் தெர்மோகோல் ஒட்டினால் உண்மையிலேயே பயன் உண்டா? புள்ளி கண்ட மீன்களுக்காக வெப்பநிலையை உடனே உயர்த்தலாமா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தொடர்பு இருக்கிறதா என்று தெரியவில்லை: இந்த மாதத்தில் நீர்மட்டம் வாரத்துக்கு 2 செ.மீ. வீதம் குறைந்துவருகிறது, தொட்டியில் கசிவு எதுவும் இல்லை.

மறுமொழி 1

வணக்கம். தொடர்பு இருக்குமா என்று ஐயப்பட்டுக் கடைசியாகச் சொன்னீர்களே, அந்த 2 செ.மீ. நீர்தான் உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி.

உங்கள் தொட்டியின் மேற்பரப்பு 1800 சதுர செ.மீ.; அதில் 2 செ.மீ. குறைகிறது என்றால் வாரத்துக்கு 3.6 லிட்டர் நீர் ஆவியாகிறது என்று பொருள். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2440 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகிறது, அதாவது மின்சாரக் கணக்கில் 0.68 யூனிட். அந்த வெப்பத்தை அது எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மீதியிருக்கும் நீரிலிருந்துதான். 3.6 லிட்டருக்குக் கணக்கிட்டு, ஒரு வாரத்தின் 168 மணி நேரத்துக்குப் பிரித்தால் இடைவிடாமல் 14 வாட்டுக்கு மேல் வருகிறது. ஆக, உங்கள் 50 வாட் ஹீட்டரின் உழைப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானது நீரைச் சூடாக்காமல் ஆவியாக்குவதிலேயே போய்க்கொண்டிருக்கிறது. இது ஆவியாதலுக்கு மட்டுமான கணக்கு. திறந்த மேற்பரப்பின் மீது தவழும் குளிர்காற்று நேரடியாகக் கொண்டுபோவது தனி.

ஆகவே முதல் வேலை மூடி. கண்ணாடித் தகடோ, உறுதியான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடோ எதுவானாலும் சரி. ஆனால் முற்றிலும் இறுக்கமாக மூடாமல், ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விடுங்கள். ஃபில்டரின் குழாய்க்கும் மின்கம்பிக்கும் அந்த வழி வேண்டும். காற்று மாறுவதற்கும் அது போதும்.

அடுத்தது கண்ணாடிச் சுவர்கள். மெல்லிய ஒற்றைக் கண்ணாடி வெப்பத்தைத் தடுப்பதில் மிகவும் பலவீனமானது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடியின் வழியே, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கையில், ஏறக்குறைய ஐந்தரை வாட் வெளியேறுகிறது. அதன்மேல் 2 செ.மீ. தடிமனுள்ள தெர்மோகோல் பலகையை வைத்தால் அந்த இழப்பு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். பின்புறத்தையும் இரண்டு பக்கவாட்டுகளையும் மறைத்தாலே நான்கு பக்கக் கண்ணாடியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிடும். முன்புறத்தைப் பார்வைக்கு விட்டுவைக்கலாம். பசை போட்டு ஒட்ட வேண்டாம். டேப்பால் ஓரங்களைப் பிடித்து நிறுத்தினால் கோடையில் எளிதாக எடுத்துவிடலாம். ஆனால் பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த இடைவெளிக்குள் குளிர்காற்று புகுந்து சுற்றத் தொடங்கினால் பலகை இருந்தும் பயனில்லை. தொட்டி ஏற்கெனவே மெத்தைபோன்ற ஃபோம் விரிப்பின்மீது இருந்தால் அடிப்பகுதியைத் தொட வேண்டாம். இல்லையென்றால், நீர் நிறைந்த தொட்டியைத் தூக்கி அடியில் எதையும் செருக முயலாதீர்கள். கிடைக்கும் இலாபத்தைவிடக் கண்ணாடி விரிசல் விடும் ஆபத்து பெரிது.

இவ்விரண்டையும் செய்தபின், அறை 13 டிகிரியிலும் நீர் 25 டிகிரியிலும் இருக்கும்போது, உங்கள் தொட்டி இழப்பது 30 முதல் 35 வாட் அளவில் இருக்கும் என்பது என் கணக்கு. அப்படியானால் இப்போதுள்ள 50 வாட் ஹீட்டரே தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் மூடியையும் தெர்மோகோலையும் போட்டு, மூன்று இரவுகள் அளந்து பாருங்கள். 200 வாட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: உங்கள் 55 லிட்டர் நீரை அது மணிக்கு மூன்று டிகிரி வரை ஏற்றக்கூடியது. நீர் போதிய அளவு சூடானதும் ஹீட்டரை அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்யும்வரை அதில் தவறில்லை. வேலை செய்யாத நாளில் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியில் மீனைப் பற்றிய பேச்சு இல்லாததால் அதை மட்டும் எழுதுகிறேன்.

மீனின் உடல் வெப்பநிலை அதைச் சூழ்ந்துள்ள நீரின் வெப்பநிலையே. 20 டிகிரியில் நியான் டெட்ரா உடனே செத்துவிடாது; ஆனால் அதன் செரிமானமும் நோயெதிர்ப்பும் மந்தமாகும். ஒரே நாளில் நான்கு டிகிரி இறங்கி, நான்கு டிகிரி ஏறி, அதுவே நாள்தோறும் தொடர்வது, நிலையாக 22 டிகிரியில் இருப்பதைவிடக் கொடியது என்பது நான் பல ஆண்டுகளாகப் பார்த்து உணர்ந்தது. வெள்ளைப்புள்ளி நோயைக் குளிர் உண்டாக்குவதில்லை. அது ஒட்டுண்ணியால் வருவது. புதிதாக வாங்கிய மீனோடோ செடியோடோ உள்ளே வந்த ஒட்டுண்ணிக்கு, குளிரில் நலிந்த மீன்கள் எளிதில் இடம் கொடுத்துவிடுகின்றன. கடைசியாக எப்போது புதிய மீன் விட்டீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

புள்ளிகளாக நீங்கள் பார்ப்பது மீனின் தோலுக்கடியில் வளர்ந்துகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முற்றியதும் அது மீனைவிட்டு இறங்கி, சரளையில் கூடு கட்டிப் பலவாகப் பெருகி, மீண்டும் மீன்களைத் தேடி நீந்தி வரும். அப்படி நீந்தி வரும் பருவத்தில்தான் மருந்து அதைக் கொல்லும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். நீர் குளிர்ந்திருந்தால் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். எனவே புள்ளிகள் மறைந்த மறுநாளே மருந்தை நிறுத்திவிடாமல், லேபிளில் சொல்லியுள்ள காலம் முழுவதும் தொடருங்கள். ஃபில்டரில் கரி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்; இல்லையெனில் ஊற்றிய மருந்தைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். கோரிடோராஸ் சில மருந்துகளைத் தாங்குவதில்லை என்பதால், அவற்றுக்கென்று லேபிளில் தனி அளவு குறிப்பிட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றச் சொல்லிப் பலர் அறிவுரை கூறுவார்கள். வெந்நீர் விரும்பும் டிஸ்கஸ் போன்ற மீன்களுக்கு அது பொருந்தலாம். உங்கள் டெட்ராக்களும் கோரிடோராஸும் நீண்ட நாட்கள் அந்த வெப்பத்தில் இருப்பதை விரும்பாதவை. வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.6தான். நோயால் செவுள் பாதிக்கப்பட்ட மீனுக்கு அந்தச் சிறிய குறைவும் பாரம்தான். முதலில் 25இல் நிலைநிறுத்துங்கள். பிறகு தேவைப்பட்டால் நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 27 வரை கொண்டுபோய், ஏர் பம்பை நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.

தீனியைக் காலையில் போடவே வேண்டாம். நீர் சூடேறியிருக்கும் பிற்பகலில், வழக்கத்தில் பாதியளவு போதும். மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியாவாகும்; அதைச் சிதைக்கும் ஃபில்டர் பாக்டீரியாக்களும் குளிரில் சோம்பிக் கிடப்பதால் நச்சு வழக்கத்தைவிட விரைவாகச் சேரும். வாரத்துக்கு இருமுறையாவது அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள்.

நீர் மாற்றும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. 25 டிகிரியில் இருக்கும் 45 லிட்டர் நீரில், 14 டிகிரியில் இருக்கும் ஒரு வாளி நீரை, அதாவது 10 லிட்டரை ஊற்றினால், தொட்டி சில நிமிடங்களில் 23க்கு இறங்கிவிடும். இரவு முழுவதும் பாடுபட்டுக் காத்த வெப்பத்தை ஒரு வாளி கெடுத்துவிடுகிறது. வாளியில் எட்டேமுக்கால் லிட்டர் குளிர்நீர் எடுத்து, அதில் ஒன்றேகால் லிட்டர் கொதிநீரைக் கலந்தால் ஏறக்குறைய 25 டிகிரி வந்துவிடும். கலப்பதெல்லாம் வாளியில்தான் நடக்க வேண்டும். குளோரின் நீக்கியையும் அதிலேயே சேர்த்து, வெப்பமானியால் சரிபார்த்த பிறகே தொட்டிக்குள் மெல்ல ஊற்றுங்கள்.

மறுமொழி 3

மறுமொழி 1இல் சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் "50 வாட்டே போதும், எதுவும் வாங்க வேண்டாம்" என்ற முடிவுடன் எனக்கு உடன்பாடில்லை. போதுமான வெப்பம் என்பது ஒன்று, ஹீட்டர் பழுதானால் என்ன செய்வது என்பது வேறொன்று.

நான்கு ஆண்டுகளாக நம்பிப் பயன்படுத்திய ஒரு ஹீட்டர், ஒருநாள் இரவு அணைய மறுத்துவிட்டது. உள்ளே, சூடேறினால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈருலோகத் தகட்டின் தொடுமுனைகள் பொறியினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதே காரணம் என்பது பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. விடியற்காலையில் கையை விட்டுப் பார்க்கிறேன், நீர் 36 டிகிரி. பதினான்கு மீன்களில் இரண்டு மட்டும் ஏர் பம்பின் குமிழிகளுக்கருகில் வாய் பிளந்து மிதந்துகொண்டிருந்தன. அந்தத் தொட்டி உங்களுடையதைவிடச் சற்றே பெரியது. நான் போட்டிருந்ததும், நீங்கள் சரியாகவே ஊகித்திருப்பீர்கள், 200 வாட் ஹீட்டர்தான்.

அன்றிலிருந்து ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றையே வைக்கிறேன். உங்கள் தொட்டிக்கு இருப்பதோடு இன்னொரு 50 வாட் வாங்கி இரண்டு முனைகளிலும் வையுங்கள். ஒன்றைவிட மற்றொன்றை ஒரு டிகிரி குறைத்து வைத்தால், வழக்கமான இரவுகளில் ஒன்றே உழைக்கும், கடுங்குளிரில் இரண்டாவது கைகொடுக்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் 50 வாட்டால் உங்கள் நீரை மணிக்கு ஒரு டிகிரிகூட ஏற்ற முடியாது. நீங்கள் விழித்தெழுந்து கவனிப்பதற்கு அவகாசம் இருக்கும். ஒன்று செத்துவிட்டாலோ மற்றது தொட்டியை முழுதும் குளிரவிடாது. வசதியிருந்தால், தனி உணரியுடன் வெளியே பொருத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வாங்கி, அதன் வழியாகவே இரண்டுக்கும் மின்சாரம் கொடுங்கள்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஹீட்டரை ஃபில்டரின் நீர் வெளிவரும் இடத்துக்கருகில், அடிப்பகுதியை ஒட்டி, படுக்கை வாட்டில் பொருத்துங்கள்; சூடான நீர் தானே மேலே எழும், ஓட்டம் அதைப் பரப்பிவிடும். நீரோட்டமில்லாத மூலையில் நிற்கும் ஹீட்டர், தன்னைச் சுற்றியுள்ள கொஞ்ச நீரைச் சூடாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று அணைந்துவிடும். வெப்பமானியை அதற்கு எதிர்முனையில் வைத்தால்தான் உண்மை தெரியும். ஹீட்டரின் திருகில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஒன்றிரண்டு டிகிரி தவறாகக் காட்டுவது சாதாரணம். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டும் பட்டை வெப்பமானியும் அறைக்குளிரால் குறைத்தே காட்டும்.

நீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக ஹீட்டரின் பிளக்கை எடுத்துவிடுங்கள். எரிந்துகொண்டிருக்கும் ஹீட்டர் நீருக்கு வெளியே தலைகாட்டினால் அதன் கண்ணாடி வெடிக்கும். அந்த நீரில் உங்கள் கையும் இருக்கும். மின்கம்பியைச் சுவர்ப் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்குமாறு விட்டால், அதன்வழி வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்பு உங்கள் இணைப்பில் இல்லையென்றால், புதிய ஹீட்டருக்கு முன்னால் அதைப் பொருத்துங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. ஆறு நாட்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மூடியும் மூன்று பக்கத் தெர்மோகோலும் போட்ட முதல் இரவிலேயே மாற்றம் தெரிந்தது. அறை அதே 13 டிகிரி. காலையில் நீர் 23.2. ஆனால் மறுமொழி 3ஐப் படித்துவிட்டு இரண்டு வெப்பமானிகளை இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தபோது, ஹீட்டர் இருந்த மூலைக்கும் எதிர்மூலைக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தது. ஹீட்டரை ஃபில்டர் ஓட்டத்துக்கருகில் படுக்க வைத்தபின் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கடந்த மூன்று காலைகளிலும் 24.1, 24.3, 24.1 என்றே அளவு வந்தது. சிவப்பு விளக்கு இப்போது இரவிலும் அவ்வப்போது அணைகிறது. நீர்மட்டம் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாவது 50 வாட் ஹீட்டருக்கும் சொல்லியிருக்கிறேன்.

புதிய மீன் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: மூன்று வாரங்களுக்கு முன் இரண்டு கப்பிகளை வாங்கி, தனியே வைத்துக் கவனிக்காமல் நேராகத் தொட்டியில் விட்டேன். தவறு என்னுடையதே. ஒரு டெட்ரா இறந்துவிட்டது. மற்றவற்றுக்கு மருந்து தொடர்கிறது, புள்ளிகள் குறைந்திருக்கின்றன.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இரவில் மின்சாரம் நின்றுபோனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

மறுமொழி 1இல் எழுதியவர்

உங்கள் அளவுகள் மகிழ்ச்சி தருகின்றன. இரண்டாவது ஹீட்டர் பற்றி மறுமொழி 3 சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வெப்பக் கணக்கில் மூழ்கிப் பழுதாவதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

மின்சாரம் நின்றால், பழைய நிலையில், மூடியும் தெர்மோகோலும் இல்லாமல், உங்கள் தொட்டி முதல் மணி நேரத்தில் ஒரு டிகிரி இழந்திருக்கும். இப்போது அதில் பாதிதான். முன்பக்கத்தையும் சேர்த்துத் தொட்டி முழுவதையும் ஒரு தடித்த கம்பளியால் போர்த்திவிட்டால் கால் டிகிரிக்கு அருகில் வந்துவிடும். நான்கு மணி நேரத்துக்கு அதுவே போதும். அதற்கு மேல் நீண்டால், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 80 டிகிரி வெந்நீரை நிரப்பி, மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்கவிடுங்கள். அது முழுதும் ஆறும்போது உங்கள் நீரைச் சுமார் ஒரு டிகிரி உயர்த்தும். மெல்லிய பாட்டில் அந்தச் சூட்டில் நெளிந்துவிடும் என்பதால் தடித்ததாகப் பாருங்கள்; பாட்டில் பிடிக்கும் இடத்துக்குத் தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க முன்கூட்டியே ஒரு லிட்டர் நீரை எடுத்துவிடுங்கள். வெந்நீரை நேரடியாகத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

மின்சாரம் வரும்வரை தீனி கூடாது. பாட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் இருந்தால், அறையின் குளிர்காற்றை அது உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும் என்பதால், விடாமல் ஓட்டாமல், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மட்டும் அந்தக் கணக்கை விட்டுவிட்டுத் தொடர்ந்து ஓட்ட வேண்டும். குளிரைச் சில மணி நேரம் தாங்கும் மீன், மூச்சுத்திணறலை அவ்வளவு நேரம் தாங்காது.

மறுமொழி 2இல் எழுதியவர்

டெட்ரா இறந்தது வருத்தம். மருந்துக் காலம் முடிந்ததும் ஃபில்டரில் புதிய கரியை வைத்து, இரண்டு நாட்கள் ஓடவிட்டு எடுத்துவிடுங்கள். தெர்மோகோலைக் கழற்றும் காலம் வரும்போது மூன்று பக்கத்தையும் ஒரே நாளில் எடுக்காமல், ஒன்றை எடுத்து நான்கைந்து நாள் காலை அளவைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மூடியை எடுக்கவே வேண்டாம், கப்பிகள் குதிக்கும்.